தொப்பி இல்லையா, நிழலில் உட்கார்: ஆஸ்திரேலியப் பள்ளிகள் வெயிலைச் சமாளித்த விதம்

ஆஸ்திரேலியாவில் ஆரம்பப் பள்ளியில் படிக்கிற எந்தப் பிள்ளையிடம் கேட்டாலும் பள்ளியின் முதல் விதியை யோசிக்காமல் சொல்லும்: தொப்பி இல்லாவிட்டால் விளையாட்டு கிடையாது. வீட்டுப்பாடத்தை மறந்தால்கூட எதையாவது சொல்லிச் சமாளித்துவிடலாம். தொப்பியை மறந்தால் அன்றைக்கு மதிய இடைவேளை முழுக்க கூரைக்கடியிலோ மரத்தடியிலோ உட்கார்ந்து, மற்றவர்கள் பந்து உதைப்பதை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

குழந்தைகளை வெயிலிலிருந்து காப்பது பற்றி எந்த நாட்டில் பேச்சு வந்தாலும் ஆஸ்திரேலியாவை உதாரணம் காட்டுவார்கள். காட்டும்போது பெரும்பாலும் 1981-ல் வந்த ஒரு விளம்பரத்தின் கடற்பறவை கார்ட்டூனையும் அதன் பாட்டையும்தான் எடுத்துப் போடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பாட்டு மக்களின் காதைத் திறந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் பிள்ளைகளின் தோலைக் காப்பாற்றிய பெரிய வேலையைச் செய்தது பள்ளிக்கூடத்தில் போட்ட ஒரு சாதாரண விதி, எப்போது அதை அமல்படுத்த வேண்டும் என்று சொல்கிற ஒரு எண், அப்புறம் கொஞ்சம் நிழல். இந்த மூன்றும் எப்படி ஒன்றுசேர்ந்தன, எங்கே சறுக்கின, நம் நிறத் தோல் உள்ள பிள்ளைகளுக்கு இதில் எது பொருந்தும் எது பொருந்தாது என்று பார்க்கலாம்.

அங்கே வெயில் ஏன் இவ்வளவு பொல்லாதது

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். வெயில் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது சூடு. ஆஸ்திரேலியர்கள் இத்தனை பாடுபடுவது சூட்டுக்காக இல்லை (அதற்கும் பயப்பட வேண்டிய நாட்கள் உண்டு, மெல்போர்னிலேயே 40 டிகிரி தாண்டும்), புறஊதாக் கதிருக்காக. அது கண்ணுக்கும் தெரியாது, தோலில் உறைக்கவும் உறைக்காது. ஜனவரியில் கடல் காற்று சிலுசிலுவென்று அடித்து, மெல்லிசாக மேகம் போட்டு, 22 டிகிரி மட்டுமே இருக்கும் ஒரு நாளில், பிள்ளைக்கு ஸ்வெட்டர் எடுத்துக் கொடுக்கலாமா என்று அம்மா யோசிக்கிற அதே நேரத்தில், புறஊதாக் கதிரை அளந்து சொல்கிற யூ.வி. குறியீடு 10-ல் நிற்கலாம். அந்தக் குறியீட்டில் 3-ஐத் தொட்டாலே பாதுகாப்பு தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். 11-லிருந்து 'மிக உச்சம்' என்ற கடைசிப் படி. வெள்ளைத் தோல் பிள்ளை அந்த மாதிரி நாளில் கால் மணி நேரத்துக்குள் சிவந்து வெந்துவிடும்.

காரணம் ஒன்றல்ல. பூமி சூரியனுக்கு மிக அருகில் போவது ஜனவரி முதல் வாரத்தில். வடக்கே அது குளிர்காலம், தெற்கே நடுக்கோடை. இதனாலேயே தெற்கின் கோடைக்கு வடக்கின் கோடையைவிட ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் கதிர் வந்து சேர்கிறது. அதோடு காற்றில் தூசியும் புகையும் குறைவு, தெற்கில் ஓசோனும் கொஞ்சம் மெலிவு. ஆக, அதே அட்சரேகையில் வடக்கே உள்ள ஊர்களைவிட ஆஸ்திரேலியாவில் யூ.வி. கூடுதல்.

இது பாதிக் கதை, மீதிப் பாதி தோல். பல்லாயிரம் ஆண்டுகளாக அந்த மண்ணில் வாழ்ந்த பழங்குடி மக்களின் கறுத்த தோலுக்கு இந்த வெயில் பெரிய பிரச்சினையாக இருந்ததில்லை. பிரிட்டனிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் போய்க் குடியேறியவர்களின் தோலோ மங்கலான வானத்துக்குப் பழகியது. விளைவு, 70 வயதுக்குள் மூன்றில் இரண்டு ஆஸ்திரேலியர்களுக்கு ஏதாவது ஒரு வகைத் தோல் புற்றுநோய் வருகிறது என்ற கணக்கு. அதில் பெரும்பாலானவை வெட்டி எடுத்தால் சரியாகிவிடுபவை. மெலனோமா அப்படியில்லை, கவனிக்காமல் விட்டால் உள்ளுறுப்புகளுக்குப் பரவி ஆளையே கொன்றுவிடும்.

சரி, இதில் குழந்தைகள் எங்கே வருகிறார்கள்? புற்றுநோய் வருவதென்னவோ நடுவயதிலும் முதுமையிலும்தானே? இதற்கான விடை, குடிபெயர்ந்து வந்தவர்களைப் பற்றிய ஆராய்ச்சியில் கிடைத்தது. மேற்கு ஆஸ்திரேலியாவில் ஹோல்மன், ஆம்ஸ்ட்ராங் என்ற இரு ஆய்வாளர்கள் 1984-ல் வெளியிட்ட ஆய்வில், பத்து வயதுக்கு முன்பே அந்த நாட்டுக்கு வந்துவிட்டவர்களுக்கு அங்கேயே பிறந்தவர்களுக்கு இணையான மெலனோமா ஆபத்து இருந்தது. வளர்ந்த பிறகு வந்தவர்களுக்கு அதில் கால் பங்குதான். ஒரே இனம், ஒரே தோல், அதே வெயில். வித்தியாசம் சிறுவயதை எங்கே கழித்தார்கள் என்பது மட்டுமே. நாற்பது வயதில் வரும் நோய்க்கான விதை ஆறு வயதில், மதிய இடைவேளையில் விழுந்திருக்கிறது.

பாட்டு செய்ததும் செய்யாததும்

1970-கள் வரை அங்கே வெயிலில் வறுத்த தோல்தான் அழகு. கடற்கரையில் தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு மல்லாந்து கிடப்பார்கள், தாமிர நிறத்து உயிர்காப்பு வீரர்தான் நாட்டின் இலட்சிய ஆண். (நம் வீடுகளில் 'வெயில்ல ஆடாதே, கறுத்துடுவே' என்று பிள்ளையைப் பிடித்து இழுத்த அதே காலத்தில் அங்கே கறுக்க முடியவில்லையே என்று ஏங்கியிருக்கிறார்கள்.) அந்த எண்ணத்தை உடைக்க, மெல்போர்னைத் தலைநகராகக் கொண்ட விக்டோரியா மாநிலத்தின் புற்றுநோய்க் கழகம் 1981-ல் விளம்பரம் ஒன்று கொண்டுவந்தது. அப்போது கழகத்தை நடத்தியவர் டாக்டர் நைஜல் கிரே. வாசகத்தை எழுதியவர் ஃபிலிப் ஆடம்ஸ், இசை பீட்டர் பெஸ்ட். சிட் என்ற கடற்பறவை ஆடிப்பாடிக்கொண்டு மூன்றே வேலைகளைச் சொல்லும்: சட்டையை மாட்டு, சன்ஸ்க்ரீனைப் பூசு, தொப்பியைக் கவிழ். பின்னால் 2007-ல் நிழலைத் தேடு, கறுப்புக் கண்ணாடி போடு என்று இரண்டைச் சேர்த்தார்கள்.

பாட்டு நாடு முழுக்கப் பரவியது. 1988-ல் அதே கழகம் 'சன்ஸ்மார்ட்' என்ற முறையான திட்டத்தை ஆரம்பித்தது. இதற்கான பணம் வந்த வழி எனக்கு மிகவும் பிடித்தது: விக்டோரியா அரசு 1987-ல் ஒரு புகையிலைச் சட்டம் போட்டு, சிகரெட் வரியிலிருந்து நிதி ஒதுக்கி 'விக்ஹெல்த்' என்ற நிறுவனத்தை உருவாக்கியிருந்தது. நுரையீரலைக் கெடுத்த காசு தோலைக் காப்பாற்றப் போனது. விளம்பரம் ஒரு வருடம் ஓடி நிற்காமல் வருடா வருடம் தொடர்ந்ததற்கு இந்த நிரந்தரப் பணம்தான் காரணம்.

பலன் இருந்ததா என்று பார்க்க அவர்கள் கையாண்ட முறையும் எளிமையானது. டேவிட் ஹில் தலைமையிலான குழு கோடைகாலத் திங்கட்கிழமைகளில் வீடுகளுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, வாரக்கடைசியில் வெயிலில் எவ்வளவு நேரம் இருந்தீர்கள், தொப்பி போட்டீர்களா, தோல் சிவந்ததா என்று கேட்டது. நினைவு பசுமையாக இருக்கும்போதே கேட்டுவிடுவது. 1987-88 கோடையில் 11 சதவீதம் பேர் வெயிலில் வெந்ததாகச் சொன்னார்கள், இரண்டு கோடை கழித்து அது 7 சதவீதமாகியது. தொப்பி போட்டவர்கள் 19-லிருந்து 29 சதவீதம்.

நல்ல முன்னேற்றம்தான். ஆனால் இன்னொரு பக்கம் பாருங்கள்: அத்தனை பாட்டுக்கும் பிறகு பத்தில் ஏழு பேர் தொப்பி இல்லாமல்தான் வெளியே போயிருக்கிறார்கள். அதுவும் இது பெரியவர்களிடம் கேட்ட கணக்கு. பிள்ளைகளோ வாரத்தில் ஐந்து நாள், வெயில் உச்சியில் இருக்கும் நேரத்தில், பெற்றோர் கண்ணில் படாத ஓர் இடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். அம்மா காலையில் பூசிவிட்ட சன்ஸ்க்ரீன் மதியம் வரை நிற்காது. அங்கே அம்மாவின் அக்கறையால் ஒன்றும் செய்ய முடியாது.

விதி

1990-களில் சன்ஸ்மார்ட் பள்ளிகளுக்குள் போனது. ஆரம்பப் பள்ளிகளும் மழலையர் பள்ளிகளும் தாமாக விண்ணப்பித்து அங்கீகாரம் வாங்கலாம். அதற்கு எழுத்தில் ஒரு கொள்கை வேண்டும், வெளியே போகும் எல்லாருக்கும் தொப்பி வேண்டும், நிழலுக்கு ஏற்பாடு வேண்டும், விளையாட்டு விழாக்களை நேரம் பார்த்து வைக்க வேண்டும், ஆசிரியர்களும் தொப்பி போட வேண்டும். 1998 முதல் நாடு முழுக்க இதே ஏற்பாடு. விக்டோரியாவில் இன்று பெரும்பாலான ஆரம்பப் பள்ளிகளின் வாசலில் சன்ஸ்மார்ட் அங்கீகாரப் பலகையைப் பார்க்கலாம்.

இந்த விதியின் சாமர்த்தியம் அதன் தண்டனையில் இருக்கிறது. தொப்பி கொண்டு வராத பிள்ளைக்கு அபராதமில்லை, குறிப்பேட்டில் எழுதி அனுப்புவதில்லை, திட்டு இல்லை. நிழலில் உட்கார், அவ்வளவே. தொப்பி எதற்காகவோ அதே வேலையை நிழலும் செய்துவிடுகிறது, ஆக விதியை மீறிய பிள்ளையும் அன்று பாதுகாப்பாகத்தான் இருக்கிறது. அதேசமயம் விளையாட முடியாமல் உட்கார்ந்திருப்பது ஏழு வயதுப் பிள்ளைக்கு உலகத்திலேயே பெரிய தண்டனை, மறுநாள் தொப்பியைத் தானே தேடி எடுத்துப் பைக்குள் திணித்துக்கொள்ளும். பெற்றோருக்குச் சுற்றறிக்கை அனுப்புவதைவிட இது எவ்வளவோ மேல்.

தொப்பி என்றால் ஏதோ ஒரு தொப்பி இல்லை. கிரிக்கெட் ரசிகர்கள் போடுகிற, முன்னால் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தத் தொப்பியை ஏற்க மாட்டார்கள், அது காதையும் பின்கழுத்தையும் வெயிலுக்குத் தந்துவிடும். சுற்றிலும் விளிம்பு வைத்த அகலத் தொப்பி, அல்லது வாளியைக் கவிழ்த்த மாதிரி இறங்கும் துணித் தொப்பி, அல்லது பின்கழுத்தில் துணி தொங்கும் தொப்பி. பள்ளிச் சீருடை நிறத்தில், உள்விளிம்பில் மார்க்கர் பேனாவால் பெயர் எழுதி, வகுப்பறைக்கு வெளியே கொக்கிகளில் வரிசையாகத் தொங்கும். பிப்ரவரி முடிவதற்குள் உச்சி வெளுத்து, நெற்றிப்பட்டை வியர்வையில் விறைத்து, கிட்டப் போனால் தனி வாசனை வரும். மறந்து வந்த பிள்ளைக்குக் கொடுக்க ஒரு கூடைத் தொப்பி வைத்துவிட்டால் ஆயிற்றே என்று தோன்றலாம். பேன்! ஒருவர் தலையிலிருந்து இன்னொருவர் தலைக்கு ஏறிவிடும். அதனால் உபரித் தொப்பி வைத்திருக்கும் பள்ளிகள் ஒவ்வொரு முறையும் துவைத்துத்தான் மறுபடி கொடுக்க வேண்டியிருக்கிறது. பல பள்ளிகள் அந்த வம்பே வேண்டாமென்று நிழலிலேயே உட்காரவைத்துவிடுகின்றன.

எப்போது போட வேண்டும் என்பதற்கு எண் இருக்கிறது. யூ.வி. 3. விக்டோரியாவில் ஆகஸ்ட் பாதியிலிருந்து ஏப்ரல் கடைசி வரை பகல் உச்சியில் 3-ஐத் தாண்டிவிடும், ஆக அந்த மாதங்களில் தொப்பி கட்டாயம், மே முதல் ஆகஸ்ட் தொடக்கம் வரை தேவையில்லை. குவீன்ஸ்லாந்து மாதிரி வெப்பமான மாநிலங்களில் வருடம் முழுக்க. கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான அரசு முகமை நகரங்களில் கருவி வைத்து அளந்து அவ்வப்போதைய எண்ணை வெளியிடுகிறது; வானிலை அறிக்கையிலும் கைபேசியிலும் வந்துவிடும். எண் இருப்பதால் வாக்குவாதத்துக்கு இடமில்லை. 'இன்னைக்குத்தான் மேகமா இருக்கே மிஸ்' என்று எந்தப் பிள்ளையும் இழுக்க முடியாது.

நேரமும் ஒரு சிக்கல். கோடையில் மெல்போர்னில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கிறார்கள், அதனால் ஜனவரி, பிப்ரவரியில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு இல்லை, கிட்டத்தட்ட ஒன்றரைக்கு. பல பள்ளிகளில் மதிய இடைவேளை சரியாக அந்த நேரத்தில்தான் விழும். இடைவேளையை மாற்றுவது கஷ்டம், பாட அட்டவணை முழுவதும் கலைந்துபோகும். அதனால்தான் தொப்பியும் நிழலும் இன்னும் முக்கியமாகிவிடுகின்றன. நீச்சல் போட்டி, ஓட்டப்போட்டி போன்ற நாள் முழுக்க நடக்கும் விழாக்களில்தான் பிள்ளைகள் அதிகம் வேகிறார்கள் என்பது என் கணிப்பு. தன் முறை வரும்வரை மணிக்கணக்கில் திறந்த மைதானத்தில் உட்கார்ந்திருப்பது ஓடுவதைவிட மோசம், கூடாரம் போடாத பள்ளியில் போய்ப் பார்த்தால் தெரியும்.

சன்ஸ்க்ரீன் எங்கே நிற்கிறது

கடைக்குப் போனால் குழந்தைகளின் வெயில் பாதுகாப்பு என்றாலே சன்ஸ்க்ரீன் என்று நினைக்கவைத்துவிடுவார்கள். அது வேலை செய்யும், அதில் சந்தேகம் வேண்டாம். குவீன்ஸ்லாந்தில் நம்பூர் என்ற சிற்றூரில் 1992 முதல் 1996 வரை ஆடெல் கிரீன் குழு 1,621 பெரியவர்களை வைத்து நடத்திய சோதனையில், தினமும் பூசச் சொன்னவர்களுக்கு, விருப்பப்பட்டபோது பூசியவர்களைவிட ஒரு வகைத் தோல் புற்று ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. பத்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது மெலனோமா பாதியாகியிருந்தது.

ஆனால் அவர்கள் பெரியவர்கள். ஆறு வயதுப் பிள்ளை தானே பூசிக்கொள்வதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? வகுப்பறை வாசலில் ஒரு லிட்டர் பாட்டில், மேலே அழுத்தினால் பிதுங்கும். வரிசையில் வந்து ஒரு அழுத்து, மூக்கில் ஒரு பொட்டு, இரண்டு கன்னத்தில் இரண்டு பொட்டு, மீதியைச் சட்டையில் துடைத்துவிட்டு மைதானத்துக்கு ஓட்டம். காது, பின்கழுத்து, முழங்காலுக்குப் பின்புறம் எல்லாம் காய்ந்தபடியே இருக்கும். குவீன்ஸ்லாந்துப் பள்ளிகளில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். எவ்வளவு பாதுகாப்பு என்று டப்பாவில் போடும் எஸ்.பி.எஃப். எண்ணை ஆய்வகத்தில் கணக்கிடும்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசுகிறார்கள். பிள்ளைகள் பூசியதோ நடுத்தரமாக 0.48 மில்லிகிராம். அழுத்தும் பாட்டிலில் 0.75, பிதுக்கும் பாட்டிலில் 0.57, உருட்டிப் பூசும் குப்பியில் வெறும் 0.22. கையில் ஒட்டாது, சுலபம் என்று நாம் வாங்கித் தரும் அந்த உருட்டுக் குப்பிதான் இருப்பதிலேயே மோசம். டப்பாவில் 50 என்று போட்டிருந்தாலும் பிள்ளையின் தோலில் 50 இல்லை.

டப்பாவையும் முழுக்க நம்ப முடியாது என்பது 2025-ல் தெரிந்தது. சாய்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பு ஆஸ்திரேலியக் கடைகளில் விற்கும் 20 சன்ஸ்க்ரீன்களைச் சோதித்தபோது 16 டப்பாவில் எழுதியிருந்த அளவை எட்டவில்லை. இத்தனைக்கும் சன்ஸ்க்ரீனை மருந்துக்குரிய கண்டிப்போடு ஒழுங்குபடுத்தும் நாடு அது. பெரும் கலவரமாகி, சில டப்பாக்கள் கடைகளிலிருந்து திரும்பப் போயின. எட்டாதவற்றிலும் பல 20, 30 என்ற அளவில் பாதுகாப்புத் தந்தன, அதனால் தூக்கி எறியத் தேவையில்லை. சட்டைக்கும் தொப்பிக்கும் நிழலுக்கும் அப்புறம், அவை மூடாத இடத்துக்கு, வெளியே போவதற்கு 20 நிமிடம் முன்னால் தாராளமாகப் பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி பூச வேண்டும். ஆறு மாதத்துக்குள் இருக்கும் கைக்குழந்தைக்கு இதைப் பூசவே அவசரப்பட வேண்டாம், நேரடி வெயிலில் கொண்டுபோகாமல் இருப்பதே சரி.

நீச்சல் குளத்துக்கும் கடற்கரைக்கும் நீளக் கை வைத்த இறுக்கமான சட்டை அங்கே எல்லாப் பிள்ளைகளிடமும் இருக்கும். ஒரு துணி எவ்வளவு யூ.வி.யை உள்ளே விடுகிறது என்று அளந்து முத்திரை போடும் தர நிர்ணயத்தை 1996-ல் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும்தான் உலகில் முதலில் கொண்டுவந்தன. சட்டைக்குப் பூச்சு மாதிரி மறுபடி மறுபடி தடவும் வேலை இல்லை.

நம் நிறப் பிள்ளைகள்

மெல்போர்ன், சிட்னி பள்ளிகளில் இப்போது தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் பேர். எல்லாருக்கும் இருக்கிற கேள்விதான்: மாநிறத்திலும் கறுப்பிலும் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இந்தத் தொப்பியும் சன்ஸ்க்ரீனும் தேவையா? ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டி, 'உங்கப்பன் வெயில்லயே கெடந்து வளர்ந்தவன், அவனுக்கென்ன ஆச்சு' என்று கேட்டுவிட்டுப் போவார்.

பாட்டி சொல்வதில் பாதி உண்மை. மெலனின் நிறைந்த தோலுக்கு மெலனோமா ஆபத்து மிகக் குறைவு. இன்னும் சொல்லப்போனால் எதிர்த்திசையில் ஒரு பிரச்சினை கிளம்பியது. 2000-ஐ ஒட்டிய வருடங்களில், வெயில் கொட்டும் அந்த நாட்டில், மெல்போர்ன் குழந்தை மருத்துவர்கள் ரிக்கெட்ஸ் நோயைப் பார்க்க ஆரம்பித்தார்கள். கால் வளைந்து எலும்பு மெலியும் நோய், வைட்டமின் டி பற்றாக்குறையால் வருவது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் கறுத்த தோல் கொண்ட, அல்லது உடலை முழுக்க மூடும் தாய்மாரின், குடிபெயர்ந்த குடும்பத்துக் குழந்தைகள். கறுத்த தோல் வைட்டமின் டி தயாரிக்கக் கூடுதல் வெயில் கேட்கும், மெல்போர்னின் குளிர்காலமோ அதைத் தராது. வெள்ளைத் தோலுக்காக எழுதிய அறிவுரையை எல்லாருக்கும் அப்படியே சொன்னால் இப்படித்தான் ஆகும்.

அதன்பிறகு அறிவுரை மாறியது. யூ.வி. 3-க்குக் கீழே இருக்கும் மாதங்களில் தொப்பி வேண்டாம், வெளியே போய் விளையாடுங்கள் என்று சன்ஸ்மார்ட்டே சொல்ல ஆரம்பித்தது. 2024-ல் நிபுணர்கள் வெளியிட்ட நிலைப்பாட்டில் மக்களைத் தோலின் தன்மைப்படி மூன்றாகப் பிரித்து, கறுத்த தோல் உள்ளவர்கள் நீண்ட நேரம் வெளியில் இருக்கும்போது மட்டும் பாதுகாத்துக்கொண்டால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். பள்ளி விதி மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான், தோல் நிறம் பார்த்து யார் தொப்பி போடலாம் என்று ஆசிரியர் பிரிக்க முடியுமா என்ன. எனக்கு அதில் புகார் இல்லை. கண்ணுக்கு எந்த நிறமும் காவல் இல்லை, பிற்காலக் கண்புரைக்குச் சிறுவயது யூ.வி.யும் சேர்ந்துகொள்கிறது, விளிம்பு வைத்த தொப்பி கண்ணுக்கு நல்லது. ஆனால் குளிர்காலத்தில் பிள்ளையை வெளியே துரத்துவதும், தேவைப்பட்டால் மருத்துவரிடம் வைட்டமின் டி பார்க்கச் சொல்வதும் தமிழ்ப் பெற்றோர் தாமாகச் செய்ய வேண்டிய வேலை. பிள்ளை கறுத்துவிடுமோ என்று பயந்து ஜூலை மாதத்திலும் சன்ஸ்க்ரீன் பூசி அனுப்பும் வீடுகள் உண்டு, அதற்குப் புற்றுநோயோடு எந்தச் சம்பந்தமும் இல்லை.

பன்னிரண்டு வயதுக்கு மேல்

விதி இங்கேதான் உடைகிறது. ஆரம்பப் பள்ளி முடிந்து உயர்நிலைப் பள்ளிக்குப் போனதும் தொப்பி காணாமல் போய்விடும், தலைமுடி கலைந்துவிடுமாம், கூட்டத்தில் கிண்டல் பண்ணுவார்களாம். பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகள் இதில் மல்லுக்கு நிற்பதில்லை. பாட்டு, பாடம், சுவரொட்டி எதுவும் இந்த வயதில் ஏறாது.

ஏறுவது நிழல். மெல்போர்னில் 51 உயர்நிலைப் பள்ளிகளை எடுத்து, பாதியில் மாணவர்கள் கூடும் இடங்களில் துணிப் பந்தல் கட்டி, மற்றப் பாதியை அப்படியே விட்டு சுசான் டாபின்சன் குழு ஒப்பிட்டது, 2009-ல் வெளியான ஆய்வு. இளசுகள் பந்தலைக் கண்டு ஓடிவிடுவார்களோ என்ற பயம் இருந்தது. அப்படி ஆகவில்லை, பந்தல் போட்ட இடங்களில் கூட்டம் கூடியது. யாரும் அவர்களிடம் எதையும் சொல்லவில்லை, உட்கார வசதியாக இருந்தது, உட்கார்ந்தார்கள்.

மொத்தத்தில் பலன்? நாற்பது வயதுக்குக் கீழ் உள்ள ஆஸ்திரேலியர்களிடையே மெலனோமா விகிதம் இந்த நூற்றாண்டில் இறங்கிக்கொண்டிருக்கிறது, வயதானவர்களிடம் அப்படி இல்லை. சன்ஸ்மார்ட் காலத்தில் வளர்ந்த தலைமுறை, அதற்கு முன்னால் வளர்ந்த தலைமுறை என்று பிரித்துப் பார்த்தால் பொருந்துகிறது. போட்ட ஒவ்வொரு டாலருக்கும் இரண்டு டாலருக்கு மேல் திரும்பி வந்ததாகப் பொருளாதாரக் கணக்கும் உண்டு. முழுப் புகழையும் தொப்பிக்குக் கொடுத்துவிட முடியாது. ஆசியாவிலிருந்து குடியேறியவர்கள் பெருகி, இளைய தலைமுறையின் தோல் நிறமே மாறியிருப்பதும் அந்த எண்ணை இறக்கும்.

ஊரில் இதை என்ன செய்வது

தமிழ்நாட்டுக்கு இதைப் பெயர்த்துக் கொண்டுபோய் நட வேண்டியதில்லை. அங்கே பிள்ளைகளுக்கு எதிரி சூடு: நீர் வற்றிப்போவது, மயக்கம், வெப்பவாதம். உடல் சூடு 40 டிகிரி தாண்டி, பிள்ளை குழறினாலோ நினைவு தப்பினாலோ உடனே நிழலுக்குத் தூக்கி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். கத்திரி வெயிலில் பள்ளி மூடியிருக்கிறது என்றாலும் மார்ச், ஏப்ரல் தேர்வுக் காலமும் ஜூன் தொடக்கமும் பள்ளி நாட்கள்தான். அரசு பெரும்பாலும் கையில் எடுப்பது திறப்பு நாளைத் தள்ளிப்போடுவதைத்தான். 2023-ல் ஜூன் 1 என்றிருந்தது 7 ஆகி, கடைசியில் பெரிய வகுப்புகளுக்கு 12, சின்ன வகுப்புகளுக்கு 14 என்று போனது. திறந்த பிறகு, வெயில் ஏறும் நாளில் மைதானத்தில் என்ன நடக்க வேண்டும் என்பது அந்தந்தப் பள்ளியின் கையில்.

எண், விதி, நிழல் என்ற மூன்றையும் சூட்டுக்கு ஏற்ப மாற்றி வைத்துக்கொள்ளலாம். சமவெளியில் 40 டிகிரி, கடலோரத்தில் 37 என்ற வெப்ப அலை வரம்புகளை இந்திய வானிலைத் துறை ஏற்கெனவே வைத்திருக்கிறது, அதற்குச் சில டிகிரி கீழேயே பள்ளிக்கென்று ஒரு எண் வைக்கலாம், கடலோர ஊர்களில் புழுக்கத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த எண்ணைத் தாண்டினால் பிரேயர் வகுப்பறையிலேயே நடக்கும், யாரும் வரிசையில் நின்று மயங்கி விழ வேண்டாம். பி.டி. பீரியட் முதல் மணிக்கு வரும். சுதந்திர தின அணிவகுப்பு ஒத்திகை காலை ஒன்பதுக்குள் முடியும். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போகிற பெற்றோர் கேட்க வேண்டியவை இவைதான்: பி.டி. பீரியட் எத்தனை மணிக்கு வைத்திருக்கிறீர்கள், மதியம் ஒரு மணிக்கு மைதானத்தில் எத்தனை பிள்ளைகள் உட்காரும் அளவுக்கு நிழல் விழுகிறது, கட்டடம் கட்ட வெட்டின வேப்பமரத்துக்குப் பதில் எங்கே, எப்போது நடப்போகிறீர்கள், அது வளரும்வரை பந்தல் போட எவ்வளவு ஆகும்.